கோலப்பொடியும் கணக்குப் புத்தகமும்

நம்மிடையே கள ஆய்வு என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பகுதி நினைவாற்றல் தேர்வாகவே இருக்கிறது. "சென்ற ஆண்டு எத்தனை நாள் வேலை கிடைத்தது? மாதம் எவ்வளவு கடன் கட்டினீர்கள்?" என்று வினாநிரலை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். திண்ணையில் அமர்ந்திருப்பவர் ஏதோ ஒரு முழு எண்ணைச் சொல்கிறார். அவற்றைக் கூட்டி வகுத்து, வண்ண வரைபடமாக்கி, ஆய்வேட்டின் இறுதி இயலில் சேர்க்கிறோம். நெறியாளரும் தேர்வாளரும் அதைப் பார்க்கிறார்கள். யாருடைய வாழ்க்கையோ, அவர் பார்ப்பதில்லை.

இந்த வரிசையை மாற்றவேண்டும் என்பது நம் துணிபு. ஒருவருடைய கணக்கை முதலில் படமாக்கி, அதை அவர்முன் விரித்து வைத்து, அதன்பிறகே பேட்டியைத் தொடங்க வேண்டும்.

சேரன்மகாதேவியிலும் பத்தமடை, வீரவநல்லூர், முக்கூடல் முதலான ஊர்களிலும் பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. வாங்கிய இலை, தூள், திருப்பிக் கொடுத்த பீடி எல்லாம் பாஸ் புத்தகத்தில் பதிவாகின்றன. "ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுவீர்கள், அக்கா?" என்று கேட்டால், "ஆயிரம் இருக்கும்" என்பார். அந்தப் புத்தகத்தின் ஓராண்டுப் பதிவை, அவருடைய இசைவோடு, கட்டம்போட்ட தாளில் பன்னிரண்டு தூண்களாக வரைந்து காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் தூண் உயர்ந்திருக்கிறது. இன்னொரு மாதம் பாதியாகிக் கிடக்கிறது. இனி நாம் கேட்கவேண்டியது ஒன்றே: "இது ஏன் இப்படி?"

உயர்ந்த தூணுக்கு அவர் சொல்லக்கூடிய விடை: "அது மே மாசம். பிள்ளைகளுக்கு லீவு. அதுகளும் உக்காந்து சுத்துச்சுக." தாழ்ந்த தூணுக்கு: "கடையில இலை குறைச்சுத்தான் போட்டாங்க." 2023 டிசம்பர் வெள்ளம் அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு பள்ளமாகத் தெரியக்கூடும். பாஸ் புத்தகம் ஒரு பெயரில்தான் இருக்கிறது. அதற்குள் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதைப் புத்தகம் சொல்லாது. அந்த அக்காள்தான் சொல்லவேண்டும். ஆனால் தூண்களைக் கண்ணால் காணாமல் அவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

கணக்கெடுப்பு நமக்குப் புதிதன்று. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராயச் செய்தார். 1918-இல் நூலாக வந்த அத்தொகுப்பில் திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள கங்கைகொண்டானும் இடம்பெற்றது. 1930-களிலும் 1980-களிலும் அதே ஊர் மறு ஆய்வுக்கு உள்ளாயிற்று. ஓர் ஊரின் நிலமும் கூலியும் கடனும் தலைமுறை தலைமுறையாக ஒப்புநோக்கப்பட்ட அரிய நிகழ்வு இது. எனினும் ஆங்கிலத்தில் அச்சான அந்த அட்டவணைகள், அவற்றுக்குத் தகவல் தந்தவர்களில் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்?

அட்டவணையை ஊராரின் கைக்கே கொண்டுவந்த முயற்சி 1980-களின் இறுதியில் வலுப்பெற்றது. பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று அதற்குப் பெயர். 1989 முதல் 1991 வரை ஐதராபாத்தில் தங்கியிருந்த ராபர்ட் சேம்பர்ஸும் இந்தியத் தொண்டு நிறுவனங்கள் பலவும் அதை வளர்த்தெடுத்தனர். மக்கள் கோலப்பொடியால் ஊர்ப் படத்தைத் தரையில் வரைந்தார்கள். விதைகளையும் கூழாங்கற்களையும் அடுக்கி, எந்த மாதம் வேலை மிகுதி, எந்த மாதம் கடன் மிகுதி என்று காட்டினார்கள். தரையில் வரைவதில் ஒரு நன்மை உண்டு. தவறென்று பட்டால் பக்கத்தில் நிற்பவர் குனிந்து அழித்துவிட்டு வரையலாம். அச்சிட்ட தாளையோ கணினித் திரையையோ அப்படித் தொட்டுத் திருத்த எவருக்கும் துணிவு வராது.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றவேண்டியதில்லை. முதற்பொருளை நிலம், பொழுது என்றும், பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என்றும் பகுத்த மரபு நம்முடையது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமும் பெரும்பொழுதின் படம். ஒரு பெண்ணின் விடியல் தொடங்கி நள்ளிரவு வரையிலான வேலைகள் சிறுபொழுதின் படம். 2024-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களுள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டனர். இந்த எண்ணைக் கூட்டத்தில் படித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரே வீட்டின் கணவன் மனைவி இருவருடைய நாளையும் இரண்டு வட்டங்களாக வரைந்து அருகருகே வைத்தால், அந்த வீட்டில் பேச்சு தொடங்கும். உலை கொதிக்கும்போதே மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறவர், தம் நேரத்தை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று நம்மையே திருப்பிக் கேட்பார். ஆய்வாளர் காதுகொடுக்கவேண்டிய கேள்வி அது.

ஆனால் அந்தப் பேச்சே சண்டையாகவும் முடியலாம். கணவனுக்குத் தெரியாமல் சுயஉதவிக் குழுவில் சேர்த்த பணமும், மாமியாருக்குத் தெரியாமல் வாங்கிய கடனும் வரைபடத்தில் தூணாக எழுந்து நின்றால், நாம் ஊர் திரும்பிய பின் அதன் விலையைக் கொடுப்பவர் அவர்தான். குறைந்த மாதத்தைச் சுட்டி "ஏன்" என்று கேட்கும் குரல் கடைக் கணக்கரின் குரலாக ஒலிக்கவும் கூடும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிக்குச் சில வரையறைகளோடு விலக்கு அளிக்கிறது. சட்டம் தரும் விலக்கை அறத்தின் விலக்காக நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

ஆகவே மூன்று நெறிகளை முன்வைக்கிறோம். படத்தை அவரிடம் தனிமையில் முதலில் காட்டவேண்டும். திருத்தவும் அழிக்கவும் அவருக்கு உரிமை வேண்டும்; பென்சிலை அவர் கையில் கொடுத்துவிடுவது நலம். பேட்டி முடிந்ததும் அதை வைத்துக்கொள்வதா, கிழித்துப்போடுவதா என்பதை அவரே முடிவுசெய்யவேண்டும்.

களப்பணிக்கு மாணவர்களை அனுப்பும் தமிழ்த்துறைகளும் சமூகவியல் துறைகளும் இதை எண்ணிப் பார்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை, கட்டத்தாளும் பென்சிலும் போதும். தரை கிடைத்தால் ஒரு கைப்பிடிக் கோலப்பொடி.