அன்புள்ள உத்தமதானபுரம் அவர்களுக்கு

நம் பக்கத்தில் சில வருடங்களாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. ஓய்வுபெற்றோர் சங்கம், பழைய மாணவர் கூட்டம், குலதெய்வக் கோவில் கும்பாபிஷேகக் கமிட்டி என்று எதுவானாலும் சரி. செயலாளர் தன் மின்னஞ்சல் கணக்கில் இருக்கும் தொடர்புகளை அப்படியே மொத்தமாக இறக்குகிறார். வேர்டில் மெயில் மெர்ஜ் போடுகிறார். ஒரு பொத்தானை அழுத்தி முந்நூறு பேருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, "எல்லாருக்கும் தனித்தனியாப் பேர் போட்டே அனுப்பியாச்சு சார்" என்று நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்.

இந்த வழக்கம் தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கம்ப்யூட்டர் பிடிக்காத கிழவன் புலம்புகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெயில் மெர்ஜ் நல்ல சாமான். கடிதம் ஒன்று, பெயர்ப் பட்டியல் ஒன்று. கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டால், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடிதம் தயாராகிவிடும். 1980-களின் தொடக்கத்திலேயே வேர்ட்ஸ்டாரோடு மெயில்மெர்ஜ் என்று ஒரு துணை நிரல் வந்துவிட்டது. அதற்கு முன் நாமெல்லாம் என்ன செய்தோம்? ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் உருட்டி, "திரு. ........ அவர்களுக்கு" என்று புள்ளி வைத்த இடத்தில் பேனாவால் பெயர் எழுதினோம். அந்தப் பேனாவுக்கு ஒரு குணம் உண்டு. பெயரை எழுதும் கை ஒரு கணம் அந்த ஆளை நினைத்துவிடும். இயந்திரம் நினைக்காது. ஆகவே நினைக்க வேண்டிய வேலையை முன்கூட்டியே பட்டியலில் செய்து வைக்க வேண்டும். நம் செயலாளர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

முதல் கோளாறு பெயரில். வேர்டில் விளிப்பு வரியைச் சேர்க்கப் போனால் மாதிரிக்கு என்ன காட்டுகிறது தெரியுமா? 'டியர் மிஸ்டர் ராண்டால்'. மேல வீதியில் ராண்டால் யார்? அந்த நிரலை எழுதியவர்கள் ஊரில் முதலில் சொந்தப் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். அதற்கு இரண்டு பெட்டி போதும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஊர்ப் பெயர், அப்பா பெயர், பிறகுதான் நம் பெயர்.

கும்பகோணத்தோடு சம்பந்தப்பட்ட மூன்று பெரியவர்களை எடுத்துக்கொள்வோம். உ.வே. சாமிநாதையர்: சொந்த ஊர் உத்தமதானபுரம், தந்தை வேங்கடசுப்பையர். முழுப் பெயரை இடைவெளி பார்த்து வெட்டி முதல் துண்டை முதற்பெயர்ப் பெட்டியில் போட்டால், கடிதம் "அன்புள்ள உத்தமதானபுரம்" என்று ஆரம்பிக்கும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன்: மங்கொம்பு பூர்வீக ஊர், சாம்பசிவன் தந்தை. பசுமைப் புரட்சிக்காரருக்கு "அன்புள்ள மங்கொம்பு". சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் கதை இன்னும் மோசம். உலகம் ஸ்ரீநிவாச ராமானுஜன் என்கிறது. ஸ்ரீநிவாசன் அவருடைய அப்பா. "அன்புள்ள ஸ்ரீநிவாசன்" என்று அழைத்தால் மகனுக்குப் போட்ட கடிதத்தில் தகப்பனாரைக் கூப்பிட்டதாக ஆகும்.

இவர்களுக்கே இந்தக் கதி என்றால் இனிஷியலோடு பதிவான நம்மைப் போன்றவர்களுக்கு வெறும் எழுத்துதான் மிஞ்சும். எனக்கு ஒரு சங்கத்திலிருந்து "அன்புள்ள கே" என்று கடிதம் வந்தது. முப்பது வருடம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவர்கள் அனுப்பியது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டாவது கோளாறு சிரிக்கக்கூடியதல்ல. அதே சங்கத்தில் என்னோடு இருந்த நண்பர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தியதும் அதே சங்கம்தான். போன ஆண்டுவிழாவுக்கு அவர் பெயருக்கு அழைப்பு போயிருக்கிறது: "தாங்கள் தவறாது வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்." அவருடைய மின்னஞ்சலை இப்போது பார்ப்பது அவர் மனைவி. பென்ஷன் விஷயமாக ஏதாவது வருமே என்று தினம் திறக்கிறார். அந்த அம்மாள் எனக்கு போன் செய்து, "அண்ணா, சங்கத்துல யாருக்கும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? இரங்கல் தீர்மானம் ஒரு கோப்பில் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இன்னொரு கோப்பில் இருக்கிறது என்றா?

மூன்றாவது கோளாறுதான் எல்லாவற்றிலும் பெரியது. மின்னஞ்சல் கணக்கில் இருக்கும் பட்டியல் யாருடையது? ஜிமெயிலில் நாம் யாருக்காவது ஒருமுறை கடிதம் போட்டால் போதும். அந்த முகவரியைத் தானாகவே 'மற்ற தொடர்புகள்' என்ற இடத்தில் சேர்த்து வைக்கும். ஆகவே அதில் பாலிசி ஏஜெண்ட் இருப்பார், டூர் கம்பெனி இருக்கும், ஒரே ஒரு தடவை கேஸ் சிலிண்டர் புகார் எழுதிய முகவரியும் இருக்கும். யார் இருக்க மாட்டார்கள்? திருவையாற்றில் இருக்கும் எண்பது வயது அத்தை இருக்க மாட்டார். நம் நிலத்தை நாற்பது வருடம் பார்த்துக்கொண்ட குத்தகைக்காரர் இருக்க மாட்டார். கோவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர், நாதஸ்வரக்காரர், ஆசாரி, ஒருவரும் இருக்க மாட்டார்கள். கும்பாபிஷேகம் என்றால் முதலில் பத்திரிகை போக வேண்டியது இவர்களுக்குத்தானே?

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தால் போதுமா? தலைமடைக்காரன் நாற்று விட்டுவிடுவான். கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பொத்தானை அழுத்தியதும் எல்லாருக்கும் போய்விட்டது என்று நினைப்பது, மேட்டூரில் ஷட்டரைத் தூக்கியதும் வேதாரண்யத்தில் வயல் நனைந்துவிட்டது என்று நினைப்பது போலத்தான்.

"அதெல்லாம் சரி சார், நாங்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறோம், செய்தி போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்று செயலாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. செய்தி மட்டும் போக வேண்டும் என்றால் பெயரே போடாதீர்கள். "அன்புடையீர்" என்று ஆரம்பியுங்கள்; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வந்துவிட்டால் சரியாகக் கூப்பிட வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறைமேல் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்று அரை நாள் யோசிக்கும் ஊர் இது.

வேலையும் ஒன்றும் மலை இல்லை. தொடர்புகளை இறக்கினால் ஒரு சி.எஸ்.வி. கோப்பு வரும். அதை எக்செல்லில் அப்படியே இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கோழி கிளறியது போல் ஆகிவிடக்கூடும். லிப்ரே ஆபீஸ் கால்கில் திறந்தால் எழுத்துக் குறிமுறை எது என்று கேட்கும், யூ.டி.எஃப்-8 என்று சொல்லுங்கள். பிறகு அந்த முதற்பெயர், கடைசிப்பெயர் பத்திகளை மறந்துவிட்டு நாமே சில பத்திகள் சேர்க்க வேண்டும்.

ஒன்று, கூப்பிடும் பெயர்: "சாமிநாதையர் அவர்கள்", "மீனாட்சி அத்தை" என்று வாயால் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி. இரண்டு, உறைமேல் எழுதும் பெயர், ஊரும் இனிஷியலுமாக முழுசாக. மூன்று, தபால் முகவரி. இதில் மாவட்டத்தைச் சரிபாருங்கள். மாயவரம் பக்கத்து ஆசாமி வீடு மாறாமலே 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. 1972-ல் வந்த பின்கோடுதான் நம்பகமானது: தஞ்சை 613001, குடந்தை 612001, மயிலாடுதுறை 609001. நான்கு, எந்த வழி: மின்னஞ்சல், தபால் அல்லது நேரில். ஐந்து, இருக்கிறாரா, காலமாகிவிட்டாரா. இந்த ஐந்தாவது பத்தியைப் பார்த்து அந்த வரியைத் தாண்டிப் போ என்று வேர்டுக்கு விதி சொல்லலாம்; மெயிலிங்ஸ் பகுதியில் ரூல்ஸ் என்ற இடத்தில் அந்த வசதி இருக்கிறது. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அதே பட்டியலிலிருந்தே கடிதமும் உறை முகவரியும் அச்சடித்துவிடலாம்.

கடைசியாக, நேரே அனுப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். தனித்தனிக் கடிதங்களாகத் திறந்து காட்டும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து, ஊர் விஷயம் தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெயர்களை உரக்கப் படியுங்கள். முந்நூறு பெயர் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். "இவர் போயிட்டாரேப்பா", "இந்தம்மா பெயரை விட்டுட்டியே" என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். எந்த நிரலும் இதைச் சொல்லாது.

இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாத கமிட்டி, பெயர் போட்டுக் கடிதம் அனுப்பும் உரிமையை விட்டுவிடட்டும். அடுத்த ஆண்டுவிழாப் பட்டியல் தயாராகும்போது எங்கள் சங்கத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். உங்கள் சங்கத்திலும் கேளுங்கள். உரக்கப் படிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடட்டும்; தஞ்சாவூருக்குள் எங்கே என்றாலும் வருகிறேன்.