எது ரத்து, எது நிற்கிறது?

வானொலிச் செய்தியில் ஒரு தீர்ப்புக்கு எங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். "விபத்து விசாரணை அறிக்கைக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பு" என்று வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். கேட்பவர் மனத்தில் என்ன பதியும்? 'அப்படியானால் அறிக்கை சொன்னதெல்லாம் பொய்யா?' என்றுதானே! நியூசிலாந்தில் நடந்த ஒன்றைப் பார்த்தால், விஷயம் அப்படியில்லை என்பது விளங்கும்.

1979 நவம்பர் 28. அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்ட ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ஏர் நியூசிலாந்து டிசி-10 விமானம் எரபஸ் மலையில் மோதியது. 257 பேரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. விபத்து ஆய்வாளரின் முதல் அறிக்கை, விமானியின் முடிவையே காரணமாகக் காட்டியது.

பிறகு அரச விசாரணை ஆணையமாக அமர்ந்த நீதிபதி பீட்டர் மஹோன், 1981இல் வேறு முடிவுக்கு வந்தார். விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, கணினியில் இருந்த பாதையை நிறுவனம் மாற்றியிருந்தது. விமானிகளிடம் சொல்லவில்லை. தட்டையான மெக்மர்டோ விரிகுடாவின் மேல் பறப்பதாக அவர்கள் நம்ப, கணினியோ மலைக்கு நேராகக் கொண்டுபோனது. மேகமும் பனியும் ஒரே வெள்ளையாகத் தெரிந்ததில், எதிரே இருந்த மலை கண்ணில் படவில்லை.

மஹோன் அதோடு நிற்கவில்லை. நிறுவன அதிகாரிகள் கூடித் திட்டமிட்டுப் பொய் சொன்னார்கள் என்றும் எழுதினார். விசாரணைச் செலவுக்காக நிறுவனம் 150,000 டாலர் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். நிறுவனம் நீதிமன்றப் படியேறியது.

நீதித்துறை மறுஆய்வில் விமானம் ஏன் விழுந்தது என்று நீதிபதிகள் மறுபடி விசாரிப்பதில்லை. விசாரித்தவர் தம் அதிகாரத்துக்குள் நின்றாரா, நியாயமான முறையில் நடந்தாரா என்றுதான் பார்ப்பார்கள். 1981 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் செலவு உத்தரவை ரத்து செய்தது. மஹோன் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். அப்போது நம் மலேசியாவின் சிவில் வழக்குகளுக்கும் அதுதான் கடைசிப் படி. 1983இல் அங்கும் அவர் தோற்றார்.

ஏன்? 'நீங்கள் சதி செய்ததாக முடிவு கட்டப் போகிறேன், உங்கள் பதில் என்ன?' என்று அந்த அதிகாரிகளிடம் யாரும் கேட்கவில்லை. சதி நடந்தது என்பதற்குப் போதிய சான்றும் இல்லை. ஆனால் விபத்தின் காரணம் பற்றிய மஹோனின் முடிவை அந்தத் தீர்ப்பு கவிழ்க்கவில்லை. விமானிகள் மீது தவறில்லை என்பதை அவருடைய அறிக்கை தெளிவாகக் காட்டிவிட்டது என்று பிரிவி கவுன்சிலே சொன்னது.

மஹோன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் நீதிமன்றம் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் ஒருவரை நீக்கும் முன் காரணம் கேட்டுக் கடிதம் கொடுக்கிறார்களே, அதே நியாயம்தான் இது. மலையைப் பற்றிய உண்மையைக் கண்டுபிடித்தவருக்கும், மனிதர்மேல் குற்றம் சாட்டும்போது அவர்கள் பதிலைக் கேட்கும் கடமை உண்டு.

அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 1999இல்தான். 257 பேரின் குடும்பங்களிடம் அரசாங்கமும் நிறுவனமும் மன்னிப்புக் கேட்டபோது 2019 ஆகிவிட்டது. நாற்பது ஆண்டுகள்! ஆகவே 'அறிக்கை ரத்து' என்று காதில் விழுந்தால், அதில் எந்தப் பகுதி ரத்து என்று ஒரு கேள்வி கேளுங்கள். மீதிப் பகுதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கலாம்.