ஆங்கிலம் ஒன்றே போதுமா?

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவர் தம் பங்குக் காணியை விற்க எண்ணினால், முதலில் தம் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்து நோக்கும் வழக்கும் எம்மிடம் உண்டு. இவை யாவும் தேசவழமையின்பாற்பட்டவை. எமது மூதாதையரின் வழமையே அது என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வழமை சட்டத் தொகுப்பாக எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை எம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒல்லாந்தர் ஆட்சியில், 1706 ஆம் ஆண்டில், ஆளுநர் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அதனைத் தொகுத்தார். 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒப்படைத்த தொகுப்பு ஒல்லாந்து மொழியிலே இருந்தது. பின்னர் அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு தமிழ் முதலியார்களின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்குச் சட்டவலு அளித்தனர். எமது காணியின் வழக்கை எமக்கே அந்நியன் எழுதித் தந்தான். நாம் பெயர்ப்பைப் பார்த்துத் தலையசைத்தோம்.

ஐசாக்ஸை நாம் குறைகூறோம். பல்லாண்டுகள் இம்மண்ணில் இருந்து, கண்டும் கேட்டும் அறிந்தவற்றை அவர் எழுதி வைத்தார். குறை எம்முடையது. ஆள வந்தவன் எமது மொழியையும் வழக்கத்தையும் கொடுக்கல் வாங்கலையும் கற்றுக்கொண்டான். நாமோ அவனுடையவற்றைக் கற்றிலோம். அவன் விட்டுச்சென்ற சொற்களை மாத்திரம் பொறுக்கி எடுத்துக்கொண்டோம். நாம் அமரும் கதிரையும், உண்ணும் பாணும், அணியும் சப்பாத்தும், துடைக்கும் துவாயும் போர்த்துக்கீசர் தந்த சொற்கள். வேலைக்குச் செல்லும் கந்தோரும், உறுதி முடிக்கும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் தந்தவை. நானூறு ஆண்டுகளாக ஐரோப்பா எமது வீட்டினுள்ளே இருக்கிறது. நாம் இன்னும் அதன் வாசலிலேயே நிற்கிறோம்.

இந்நிலைக்கு மாறாக நின்று காட்டிய பெரியார் ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமாபுரியிலே கற்றவர். இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசம் முதலான ஐரோப்பிய மொழிகளில் வல்லவர். அம்மொழியறிவுதான் ஐரோப்பிய நூலகங்களின் அடுக்குகளுக்குள் அவரை அழைத்துச் சென்றது. 1554 ஆம் ஆண்டிலே லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சேறிய தமிழ் நூலைப் பற்றித் தமிழுலகம் பேசத் தொடங்கியதும், அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கீச அகராதி, 1679 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, 1966 ஆம் ஆண்டில் மறுபடி வெளிவந்ததும் அவரது முயற்சியின் பயன்களே. ஒரு மனிதர் கற்ற மொழிகள் ஓர் இனத்தின் இழந்த ஏடுகளை மீட்டுத் தந்தன. அவர் தனியொருவராகச் செய்ததை ஒரு தலைமுறை செய்யுமாயின் என்ன விளையும் என்று எண்ணுங்கள்!

எம்மவர் ஆங்கிலத்தைக் கற்ற வரலாறு வேறு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது எமது ஊர்ப் பழமொழி. ஆங்கிலத்தை நாம் உத்தியோகத்துக்கான ஏணியாகக் கொண்டோம். 1956 ஆம் ஆண்டிலே தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அந்த ஏணி ஒரே நாளில் உதைத்துத் தள்ளப்பட்டது. அரசாங்கம் ஒன்றையே நம்பிக் கற்ற கல்வி அரசாங்கம் முகந்திருப்பியதும் பயனற்றுப் போகும் என்ற பாடத்தை அன்று கற்றோம். ஆயினும், ஆங்கிலம் தெரிந்தால் உலகமே திறக்கும் என்ற எண்ணம் மட்டும் எம்மை விட்டுப் போகவில்லை.

அவ்வெண்ணம் இன்று பாதி உண்மையே. 1983 ஆம் ஆண்டின் பின்னர் எம்மக்கள் ஆயிரமாயிரமாய்ச் சென்று குடியேறிய நாடுகளைப் பாருங்கள். பிரித்தானியாவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் மட்டுமா? பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க், ஒல்லாந்து, இத்தாலி ஆகியவையும் அல்லவா? பிரித்தானியாவோ 2020 ஆம் ஆண்டு தை மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே நீங்கிவிட்டது. எஞ்சிய ஒன்றியத்தில் உத்தியோகபூர்வ மொழிகள் 24. அங்கே ஆங்கிலம் அலுவலகங்களில் வழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைத்தெருவும், வங்கியும், நகரசபையும், நீதிமன்றமும் தத்தம் மொழியிலேயே இயங்குகின்றன.

இது கமக்காரருக்கு எவ்வகையிற் பொருந்தும் என்று கேட்பவர் உளர். சொல்லுகிறோம். 2014 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் இந்திய மாம்பழத்தையும் நான்கு மரக்கறி வகைகளையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. பழ ஈ முதலான பூச்சிகள் அவற்றிற் காணப்பட்டமையே காரணம். மாம்பழத் தடை 2015 ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. 2019 ஆம் ஆண்டு மார்கழி 14 ஆம் திகதி முதல், அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தூரியன் என்னும் ஐந்தும் நீங்கலாக, வெளியிலிருந்து ஒன்றியத்துக்குச் செல்லும் பழங்கள் யாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்றாயிற்று. அங்கே விற்கப்படும் உணவுப் பொதியின்மீது, அந்நாட்டு மக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளும் மொழியில் விபரம் அச்சிடப்பட்டிருத்தலும் கட்டாயம். பாரிசிலே விற்கும் பனங்கட்டிக்குப் பிரெஞ்சு மொழியிலே பெயரும் உள்ளடக்கமும் எழுத வேண்டும். அதனை எழுதத் தெரிந்தவர் எம்மிடம் இல்லையாயின், தெரிந்த இடைத்தரகர் எழுதுவார். இலாபமும் அவருடைய பெட்டிக்கே போகும்.

கடற்றொழிலாளர் இதனை நன்கு அறிவர். ஆழ்கடலில் ஒழுங்கீனமான மீன்பிடியைத் தடுக்க அரசாங்கம் தவறிற்று என்று கூறி, 2015 ஆம் ஆண்டு தை மாதத்தில் இலங்கை மீனுக்கு ஒன்றியம் கதவடைத்தது. 2016 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே கதவு திறந்தது. அதற்கு முன்னர், மனித உரிமைச் சாசனங்கள் மூன்றை இந்நாடு செவ்வனே நடைமுறைப்படுத்தவில்லை என்ற காரணத்தால், 2010 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை நிறுத்தப்பட்டு, 2017 ஆம் ஆண்டு வைகாசியிலே மீளக் கிடைத்தது. வாணிபமும் நீதியும் அங்கே ஒரே மேசையில் வைத்துப் பேசப்படுகின்றன என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா? அம்மேசையிலே எமது நியாயத்தை எடுத்துரைக்க வேண்டுமாயின், பேர்லினில் ஜேர்மன் மொழியிலும் பாரிசில் பிரெஞ்சு மொழியிலும் எழுதவும் பேசவும் வல்ல எம்மவர் வேண்டும். ஜேர்மனியப் பாராளுமன்ற உறுப்பினர் தம் தொகுதி மக்களுடன் ஆங்கிலத்திலா பேசுகிறார்?

உத்தியோக வர்க்கத்தினருக்கும் ஒரு சொல். ஜேர்மனியிலே மருத்துவராகக் கடமையாற்ற விரும்பும் வெளிநாட்டவர், பொதுமொழியில் பி 2 என்ற தரத்தையும், மருத்துவ மொழியில் சி 1 என்ற தரத்தையும் பெற்றிருத்தல் வேண்டும். அங்குள்ள கணவனிடம் செல்லும் மனைவியும் 2007 ஆம் ஆண்டு தொடக்கம், பொதுவாக, ஏ 1 என்னும் முதற்படிப் பரீட்சையிற் சித்தியெய்தியாக வேண்டும். இவற்றை அவசரத்துக்கு மூன்று மாத வகுப்பிற் பாடமாக்கிப் பரீட்சை எழுதுவதே எமது வழக்கமாகிவிட்டது. வாசலைத் தாண்டுவதற்கு அது போதும். வீட்டினுள் மதிப்போடு வாழ்வதற்குப் போதாது.

ஆகவே நாம் வேண்டுவது பல்கலைக்கழகத்திலே அமையும் முறையான பட்டப்படிப்பு. ஐரோப்பிய மொழி, அம்மக்களின் பண்பாடும் வரலாறும், வாணிபமும் சட்டமும் ஆகிய மூன்றும் அதிலே ஒன்றாய்ப் பின்னப்பட்டிருத்தல் வேண்டும். இது புதுமையன்று. பிரான்சிலே இரண்டு அந்நிய மொழிகளைச் சமமாகக் கற்று, அவற்றோடு பொருளியலையும் சட்டத்தையும் வாணிபத்தையும் கற்கும் பட்டம் 1970களில் இருந்தே பல்கலைக்கழகங்களில் உண்டு. ஜேர்மனியின் பசாவ் நகரப் பல்கலைக்கழகம் மொழி, பொருளாதாரம், பண்பாடு ஆகிய மூன்றையும் இணைத்த பட்டத்தால் பெயர்பெற்றது. வாணிப வல்லமையில் உயர்ந்த அந்நாடுகளே, பிறர் மொழியும் வழக்கமும் அறியாது பொருள் விற்க இயலாது என்று கண்டு தம் பிள்ளைகளைக் கற்பிக்கின்றன. மொழி மட்டும் கற்றவன் மொழிபெயர்ப்பாளனாக நிற்பான்; வாணிபம் மட்டும் கற்றவன் கடிதத்துக்கு விடை வராமற் காத்திருப்பான். பாரிசு வணிகனிடமும் ஹம்பேர்க் வணிகனிடமும் பேசும் முறை வேறு வேறு என்பதை அறிந்தவனே பேரத்தை முடிப்பான்.

எதிர்வாதங்கள் மூன்று எழும் என்பதை அறிவோம்.

முதலாவது, தமிழே தளர்கையில் பிரெஞ்சு எதற்கு என்பது. தமிழை நன்கு அறியாதவன் எந்த மொழிக்கும் பாலமாகான் என்பதே எமது விடை. இப்பட்டத்துக்கு வரும் மாணவன் தமிழிலே தெளிவாக எழுதத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தின் தயவின்றி, ஜேர்மன் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல் தரும் நல்ல அகராதிகள் எமக்கு வேண்டும். போர்த்துக்கீசப் பாதிரியார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டிலே தம்மவருக்குச் செய்து கொடுத்ததை, நாம் எம்மவருக்கு இன்றேனும் செய்யலாகாதா?

இரண்டாவது, கற்றவன் ஊரை விட்டுப் போய்விடுவான் என்பது. எம்மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டுப் போனபோது, அவர்களுட் பெரும்பாலோர் அங்குள்ள மொழியில் ஒரு சொல்லும் அறியாமலே போயினர். அவர்களைத் துரத்தியது நெருப்பு, மொழியறிவன்று. மொழியறியாது போனவர்கள் பட்டம் பெற்றிருந்தும் சமையற்கட்டிலே பாத்திரம் கழுவினர். மொழியும் வாணிபமும் அறிந்தவனுக்கோ, ஊரிலேயே இருந்து அந்நாட்டுடன் தொழில் நடத்தும் வழி உண்டு.

மூன்றாவது, சிங்களத்தைக் கற்றாலன்றோ பயன் என்பது. அயலவரின் மொழியை அறிவது நன்றே. அதனை நாம் ஒருபோதும் வெறுத்ததில்லை. திணிக்கப்பட்டதையே எதிர்த்தோம். தேடிக் கற்கும் மொழி எதுவாயினும் அது செல்வமே.

இனி, செய்யவேண்டியவற்றைச் சொல்லுகிறோம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வந்தாறுமூலையிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு மொழியைப் பொறுப்பேற்கலாம். எல்லாவற்றையும் எங்கும் தொடங்கி எதையும் முடிக்காது விடுதல் எமது பழைய நோய். புலம்பெயர்ந்த நாடுகளிலே பிறந்து வளர்ந்து, அம்மொழியைத் தாய்மொழி போற் பேசும் எமது பிள்ளைகள் ஆசிரியர்களாக வரட்டும். அவர்களிற் பலர் பாட்டனுக்கு ஒரு கடிதம் தமிழில் எழுத இயலாது தவிக்கின்றனர். அவர்கள் இங்கு மொழி கற்பிக்கட்டும். இங்கிருந்து தமிழ் கற்றுச் செல்லட்டும். கமக்காரர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு மாணவனுக்கேனும் உதவிப்பணம் வழங்கி, அவன் படிப்பு முடிந்ததும் சங்கத்தின் ஏற்றுமதிப் பணியில் அமர்த்தட்டும். பெற்றோரும், கலைப்பீடம் என்றால் வேலையில்லாப் பட்டம் என்று முகஞ்சுழிப்பதை விடட்டும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு முதலியார்கள் பெயர்ப்பைப் பார்த்து ஒப்பமிட்டனர். எமது விளைபொருளுக்கு விலை வகுக்கும் ஏடுகளும், எமது நியாயத்தை நிறுக்கும் ஏடுகளும் இன்றும் பிறமொழிகளிலே எழுதப்படுகின்றன. எமது பேரப்பிள்ளைகளாவது மூலத்தைப் படித்து, வேண்டிய இடத்தில் மறுத்தெழுதி, அதன் பின்னர் ஒப்பமிடட்டும்.