வட்டு செத்துவிட்டதா?

பழைய வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றைப் புதிய கணினியில் இணைக்கிறோம். விளக்கு மினுக்குகிறது, 'டிக், டிக்' என்று ஒலி, பிறகு அமைதி. "செத்துவிட்டது, தூக்கிப் போடு" என்று வீட்டில் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது மறைந்துபோன பாட்டியின் குரலாக இருக்கலாம்! இது பல வேளைகளில் அவசரத் தீர்ப்பு என்பதே என் கருத்து.

மாணவ நண்பர்களே, உங்கள் இயற்பியல் பாடத்தை நினைவுகூருங்கள். நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல வேண்டிய தட்டு ஓய்வில் இருக்கிறது. ஓய்விலுள்ள மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை சுழி. ஆகவே புறப்படும்போதுதான் அது மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய 2.5 அங்குல வட்டே ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை கேட்கும். யூ.எஸ்.பி. 2.0 துளையின் வரம்போ 0.5 ஆம்பியர், 3.0 துளைக்கு 0.9. அந்நாளில் சில வட்டுகளுடன் இரண்டு செருகிகள் கொண்ட கம்பி கொடுத்தார்களே, அது அழகுக்கு அல்ல!

நாமோ இடையில் ஒரு மலிவான மாற்றியையும் நீளக் கம்பியையும் சேர்க்கிறோம். அவற்றின் தடை 0.5 ஓம் என்று கொள்வோம். 1 ஆம்பியர் ஓடினால் 0.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் 4.5 ஆகிவிடும். தட்டு முழு வேகத்தை எட்டாமல் நின்றுவிடுகிறது. குட்டைக் கம்பியால், தனி மின் இணைப்புள்ள ஹப் வழியாக இணைத்துப் பாருங்கள். அப்போதும் 'டிக்' ஒலி நீடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது உண்மையான நோய்.

புதிய சி வகைத் துளைகளில் சில 3 ஆம்பியர் வரை தரும், சில 0.9 உடன் நின்றுவிடும். வெளித்தோற்றம் ஒன்றே! மின்விளக்கில் வாட் அச்சிடுகிறோம். துளையின் அருகே ஆம்பியரை அச்சிட என்ன தடை?

இதைவிடக் கொடியது ஒரு வாசகம். மேக் கணினியில் பதிவு செய்த வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்கிறது. கோப்புகள் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கணினிக்கு அந்த அடுக்குமுறை தெரியவில்லை, அவ்வளவுதான். வட்டெழுத்து படிக்கத் தெரியாதவர், கல்வெட்டைச் செதுக்கித் தள்ளிவிடட்டுமா என்று கேட்பது போன்றது இது. 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்றல்லவா அது சொல்ல வேண்டும்? அங்கே 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, வட்டை மேக் கணினி உள்ள ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள். திறந்ததும் படம் பார்க்க உட்காராமல் முதலில் நகல் எடுங்கள்.