ஆய்வுக்கருவியை நாமே செய்தால் என்ன?

அறிவியல்கூடத்தில் ஒரு நுண்ணோக்கியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பது நம்மில் பலருக்குப் பழகிப்போன காட்சி. முதல் இரண்டு பேர் பார்ப்பார்கள். மற்றவர்கள் அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொள்வார்கள். அதற்குள் மணி அடித்துவிடும். எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் செய்முறைச் சோதனையும் இடம்பெற்றுள்ள இக்காலத்தில், கருவியைக் கையால் தொடாமலேயே தேர்வுக்குச் செல்லும் மாணவர் ஒரு படி பின்னால் நின்றுதான் தொடங்குகிறார். கருவி ஏன் போதவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் விலை. அந்த விலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஓர் ஆய்வுக்கருவியின் விலையில் உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவு ஒரு பகுதிதான். வடிவமைப்பு, சோதனை, விற்பனையாளரின் பங்கு, உத்தரவாதம் எல்லாம் அதில் அடக்கம். கைப்பேசி கோடிக்கணக்கில் விற்பதால் அதன் வடிவமைப்புச் செலவு பலர் தலையில் பகிரப்படுகிறது. சில ஆயிரம் மட்டுமே விற்கும் ஆய்வுக்கருவியில் அதே செலவு ஒவ்வொரு வாங்குபவர் மீதும் கனமாக இறங்குகிறது. இதில் வணிகரைக் குறை சொல்வதற்கில்லை. கணக்கே அப்படித்தான்.

அந்தக் கணக்கை மாற்றும் வழிதான் திறந்த மூலக் கருவிகள். ஒருவர் கருவியை வடிவமைத்து, அதன் வரைபடம், பாகப் பட்டியல், நிரல் அனைத்தையும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறார். வடிவமைப்புச் செலவு ஒரு முறையோடு முடிகிறது. அடுத்து செய்பவருக்குப் பாகங்களின் விலை மட்டுமே. இதற்கு வழி திறந்தவை இரண்டு. ஒன்று, 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுயினோ மின்பலகை. மற்றொன்று, அதே ஆண்டில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டம்.

ஓர் எடுத்துக்காட்டு. மிகச் சிறிய அளவு திரவத்தைச் சீராகச் செலுத்த ஆய்வுக்கூடங்களில் ஊசிப்புழல் பம்ப் பயன்படுகிறது. கடையில் வாங்கினால் விலை எளிதாக ஆயிரங்களைத் தொடும். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா பியர்ஸ் குழுவினர் 2014இல் இதன் திறந்த வடிவத்தை வெளியிட்டனர். அச்சிட்ட பிளாஸ்டிக் பாகங்கள், ஒரு படிநிலை மோட்டார், ஒரு மரையாணித் தண்டு போன்ற எளிய பொருள்களே அதற்குத் தேவை. இத்தகைய மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும் என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் மரையாணித் தண்டு ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே ஒரு படிக்கு 0.004 மில்லிமீட்டர். 10 மில்லிலிட்டர் ஊசிப்புழலில் அது ஏறத்தாழ 0.7 மைக்ரோலிட்டர். நான்காம் படிவ மாணவர் போடக்கூடிய கணக்குதான் இது. அந்த விலையுயர்ந்த பெட்டிக்குள் இருப்பதும் இதே இயற்பியல்தான்.

பல திறந்த மூலக் கருவிகளை வணிகக் கருவிகளுடன் ஒப்பிட்டு 2020இல் பியர்ஸ் வெளியிட்ட ஆய்வு, சராசரி மிச்சம் 87 விழுக்காடு என்கிறது. ஆர்டுயினோ, முப்பரிமாண அச்சு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய கருவிகளில் அது 94 விழுக்காடு.

இத்தகைய எண்களைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செய்பவரின் உழைப்புக்கு என்ன விலை? ஒரு கருவியைச் செய்து முடிக்க நாற்பது மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அது செலவு; வாங்கிவிடுவதே லாபமாகக்கூட இருக்கலாம். பள்ளிக்கு அப்படியில்லை. அந்த நாற்பது மணி நேரத்தில் மாணவர் மின்சுற்றையும் நிரலையும் அளவியலையும் கற்றுக்கொள்கிறார். ஒரே உழைப்பு, ஒருவர் கணக்கேட்டில் செலவு, இன்னொருவர் கணக்கேட்டில் வரவு. ஆகவே, சொந்தமாகச் செய்யும் கருவியால் மிக அதிகம் பயனடையக்கூடிய இடம் பள்ளியும் கல்லூரியும்தான் என்பது என் கருத்து.

பழுதுபார்ப்பும் கணக்கில் சேர வேண்டும். வளரும் நாடுகளில் உள்ள மருத்துவக் கருவிகளைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக 38.3 விழுக்காடு இயங்காமல் கிடப்பதாகக் கண்டது. உதிரிப்பாகம், பயிற்சி பெற்ற ஆள் போன்றவை கிடைக்காவிட்டால், இலவசமாக வந்த கருவியும் அலமாரிக்கு அலங்காரமாகிவிடும். இங்கிலாந்தில் உருவான ஓபன்ஃபிளெக்ஷர் நுண்ணோக்கியை இதனால்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதன் நகரும் பாகம் வளைந்துகொடுக்கும் அச்சுப் பிளாஸ்டிக். கண்ணாக இருப்பது சிறு கணினியோடு இணையும் மலிவான கேமரா. தான்சானியாவில் உள்ளூரிலேயே அதைத் தயாரித்து, மலேரியா கண்டறியும் பணிக்கு உதவுமா என்று சோதித்திருக்கிறார்கள். செய்யத் தெரிந்த ஊருக்கு அதைப் பழுதுபார்க்கவும் தெரியும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்குபவை, அதிவேகமாகச் சுழல்பவை, உயர் அழுத்தம் தாங்குபவை ஆகியவற்றைத் தக்க மேற்பார்வை இன்றித் தொடக்கூடாது. நோயாளிக்கு முடிவு சொல்லும் கருவிக்கு முறையான அங்கீகாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு சரிபார்க்கப்படாத கருவி வெறும் பொம்மை. மலிவு என்பதால் அதற்குச் சலுகை கிடையாது.

எங்கிருந்து தொடங்கலாம்? நிறமானி ஒன்று செய்து பாருங்கள். ஒளி புகாத கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் சிவப்பு எல்.இ.டி. விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளி உணரி, நடுவில் கரைசல் உள்ள சிறு கண்ணாடிக் குழாய், கணக்கெடுக்க ஓர் ஆர்டுயினோ. கோலாலம்பூர் ஜாலான் பாசார் வட்டாரத்து மின்னணுக் கடைகளில் தேடக்கூடிய பொருள்களே இவை. நீலநிறக் காப்பர் சல்ஃபேட் கரைசல் சிவப்பு ஒளியை உறிஞ்சும். செறிவு கூடக்கூட உறிஞ்சலும் கூடும். செறிவு தெரிந்த ஐந்து கரைசல்களை அளந்து வரைகோடு போடுங்கள். பிறகு செறிவு தெரியாத ஆறாவது கரைசலை அளந்து, பள்ளிக் கருவியின் விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எவ்வளவு நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன, ஏன் என்று எழுதுங்கள். அந்தப் பக்கமே நல்ல ஓர் அறிவியல் கண்காட்சித் திட்டமாகிவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளிக்குக் கருவி அன்பளிப்புச் செய்ய நினைக்கும்போது, அந்தத் தொகையில் ஒரு பகுதியை முப்பரிமாண அச்சுப்பொறிக்கும் பாகங்களுக்கும் ஒதுக்குங்கள். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் அண்ணன்களும் அக்காள்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கு வந்து வழிகாட்டலாம்.

மாணவர்களே, நீங்கள் செய்த கருவியின் செய்முறையைப் படங்களோடு தமிழில் எழுதி வெளியிடுங்கள். இதுவரை எங்கோ ஒருவர் இலவசமாகக் கொடுத்ததை நாம் எடுத்துக்கொள்கிறோம். வேறொரு பள்ளியில், பத்துப் பேர் வரிசையில் கடைசியாக நிற்கும் தம்பிக்கோ தங்கைக்கோ உங்கள் குறிப்பு போய்ச் சேரட்டும். அவர் தம் கையாலேயே ஒரு கருவியைச் செய்து, தம் கண்ணாலேயே பார்க்கட்டும்.