தோஹாவில் பறிபோன வெள்ளி

பள்ளி விளையாட்டு விழாக்களில் தோற்று வரும் பிள்ளையின் முதுகைத் தட்டி, "பரவாயில்ல, இதெல்லாம் நாளைக்கு உனக்கு உரம்" என்கிறோம். துபாயிலும் தோஹாவிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்போடு சொல்வதுதான். ஆனால், தோல்வி தானாகவே உரமாகிவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. சாந்தி சௌந்தரராஜனை நினைத்துக்கொள்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் உழைத்த பெற்றோருக்கு மூத்த மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அவருடைய உடம்பைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசியது. அவருக்காக வழக்காட விளையாட்டு அமைப்புகளில் ஒருவரும் முன்வரவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்துக்கும் ஏறக்குறைய இதே அடி விழுந்தது. ஹார்மோன் அளவைச் சொல்லி 2014 காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கினார்கள். வயது 18. ஆனால் இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது, வழக்கறிஞர்கள் வந்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் அந்த ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தூத்தி 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார்.

இருவரில் யாருக்கு மன உறுதி அதிகம் என்று கேட்பதே தவறு. தமிழக அரசு தந்த 15 லட்ச ரூபாயைச் சாந்தி வீட்டில் பூட்டி வைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கச் செலவிட்டார். பிறகு நிலையான வேலையில்லாமல் தினக்கூலிக்குச் செங்கல் சூளைக்கே திரும்பினார். அதன் பின்பும் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் படித்து, பயிற்சியாளராக மைதானத்துக்கு வந்தார். அந்த உறுதிக்கு நிகர் ஏது? ஆனால் அத்தனை ஆண்டுகளை அவர் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை.

வளைகுடாவில் நம் வீடுகளில் நடப்பது மிகச் சிறியது, வேறானதும்கூட. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மண்டலப் போட்டியில் தோற்று வருகிறது. அதே வாரம், "அடுத்த வருஷம் போர்டு எக்ஸாம், ஓடினது போதும்" என்று கோச்சிங்கை நிறுத்திவிடுகிறோம். காரணங்கள் பொய்யில்லை. கட்டணம் கையைக் கடிக்கிறது. கோடையில் விடியலிலோ இரவிலோதான் ஓட முடியும். ஷிப்ட் முடித்துவரும் அப்பாதான் காரோட்ட வேண்டும். இருந்தும், உரம் என்று நாம் சொன்ன வாய் மூடுமுன் மைதானத்தையும் மூடிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து உரம் வரும்?

இன்னும் ஒரு சீசன் விடுங்கள். கோச்சிடம் பிள்ளையையும் கூட்டிப்போய், எந்த இடத்தில் வேகம் குறைந்தது என்று கேளுங்கள். அடுத்த போட்டி வேலைநாளில் வந்தால் அப்பாவோ அம்மாவோ அரைநாள் லீவு போட்டுப் போய் உட்காருங்கள். அதற்குப் பிறகும் நிறுத்துவதென்றால், அதைப் பிள்ளை சொல்லட்டும்.