பால்மரம் சொல்லும் உயிரணுப் பாடம்



"எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவள்" என்று பிள்ளையின் அறிவியல் புத்தகத்தை ஒதுக்கிவைக்கும் தாய்மார்களே, இந்தப் பக்கம் உங்களுக்காக. பால்மரம் வெட்டியவருக்கு உயிரணுப் பாடம் புதிதல்ல.

உயிருள்ளவை எல்லாம் உயிரணுக்களால் ஆனவை. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகள் அவை. பால்மரப் பட்டையில் சில உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து நுண்ணிய குழாய்களாகின்றன. அவற்றுக்குள் இருப்பதுதான் பால். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர்.

விடியுமுன் நிரைக்குப் போவது ஏன்? இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. வேர் உறிஞ்சிய நீர், உயிரணுவின் மெல்லிய சவ்வைக் கடந்து பால்குழாய்க்குள் புகுந்து அதை விம்ம வைக்கிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். அப்போது குழாய்க்குள் அழுத்தம், கார் டயரில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப்போல் பல மடங்கு ஏறலாம். கத்தி பட்டதும் பால் வழிவது அதனால்தான். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தளரும், பாலும் குறையும்.

எடுத்த பாலை மரம் எப்படி ஈடுசெய்கிறது? இலையில் உண்டான சர்க்கரை பட்டை வழியே இறங்கி வருகிறது. பால்குழாயில் உள்ள நொதிகள், அதாவது என்சைம்கள், அதை மாற்றிச் சங்கிலிபோல் கோத்து ரப்பராக்குகின்றன. இதற்கு அவகாசம் வேண்டும். ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு கொடுப்பது இதற்காகத்தான். ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டு, பால் நின்றுபோகவும் கூடும்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே 'கேம்பியம்' என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதன் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுவதால்தான் வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. கத்தி அதைத் தொட்டால் காயம். பின்பு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். ஆழம் குறைந்தாலோ பால் போதாது. பால்குழாய்கள் மிகுதியாக இருப்பது கேம்பியத்தை ஒட்டிய உட்பட்டையில்தான். ஆகவே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டவேண்டும்.

1877இல் 22 ரப்பர்ச் செடிகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பெயர் அவருக்குக் கிடைத்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அதைச் செய்துகாட்டியவை நம்மவர் கைகள்.

பிள்ளைகளே! ரப்பர் நிரைகள் பல இன்று செம்பனையாகிவிட்டன. பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்: "கேம்பியத்தைத் தொடாமல் எப்படி வெட்டினீர்கள்?" அந்தச் சொல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த 1 மில்லிமீட்டர் அவர் கைக்குத் தெரியும்.